கிட்னி கொடுத்தவரும் நோயாளிதான்

(பள்ளிபாளையத்தில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நோயாளிகளின் உரிமைகள்" என்று தலைப்புக் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வார்டில் ராத்திரி டியூட்டியில் பேசுகிற மாதிரிதான் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பில் பேச ஒரு சுலபமான வழி இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளி உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதில் 17 உரிமைகள். ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2019-ல் அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. அந்தப் பதினேழையும் வரிசையாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தை விளக்கம் சொன்னால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், நீங்களும் கை தட்டுவீர்கள். அந்தச் சாசனம் உங்கள் போனிலேயே கிடைக்கும், வாசித்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையத்தில் நின்றுகொண்டு அதை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

2025 ஜூலையில் இந்த ஊர்ப் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. விசைத்தறித் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், கடனுக்காகக் கிட்னியை விற்றிருக்கிறார்கள் என்று செய்தி. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், சந்து சந்தாகப் போய்ப் படம் எடுத்தார்கள். சுகாதாரத் துறை விசாரித்தது. பெரம்பலூரிலும் திருச்சியிலும் உள்ள இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அனுமதி நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பேச வந்தது வேறு.

அந்த நாட்களில் எல்லாச் சேனலிலும் ஒரே கேள்விதான். "எவ்வளவுக்கு வித்தீங்க? கையில எவ்வளவு வந்துச்சு? புரோக்கர் எவ்வளவு எடுத்தாரு?" காய்கறிச் சந்தையில் கேட்கிற கேள்விகள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பிரஷர் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒருவராவது கேட்டதை நான் பார்க்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் ஆதாரைப் பார்த்தார்கள், வங்கிக் கணக்கைப் பார்த்தார்கள். முப்பது வருடப் பழக்கம், எனக்கு அந்தப் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் முதலில் கண் போனது காலுக்கு. வீக்கம் இருக்கிறதா என்று.

கிட்னி கொடுத்தவரைச் சட்டம் கொடையாளி என்கிறது. புரோக்கர் பார்ட்டி என்கிறார். போலீஸ் சாட்சி என்கிறது, சில நேரம் குற்றவாளி என்கிறது. பத்திரிகை ஏமாளி என்கிறது. நோயாளி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நடந்தது என்ன? ஒரு மனுஷி மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். சில மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அவள் உடம்பில் இருந்த, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு உறுப்பை எடுத்திருக்கிறார்கள். அவள் நோயாளி இல்லையென்றால் அந்தக் கட்டிடத்தில் வேறு யார் நோயாளி?

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011-ல் திருத்தினார்கள், 2014-ல் புது விதிகள் போட்டார்கள். உயிரோடு இருப்பவர் உறுப்புக் கொடுக்க இரண்டு வாசல். ஒன்று, நெருங்கிய உறவு: கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், கூடப் பிறந்தவர்கள், 2011-க்குப் பிறகு தாத்தா பாட்டி பேரன் பேத்தி. இன்னொன்று, உறவில்லாதவர். உறவில்லாதவர் கொடுக்கலாம், ஆனால் பெறுபவர் மீது அன்போ பற்றோ இருக்கவேண்டும், அல்லது வேறு சிறப்புக் காரணம் இருக்கவேண்டும். சட்டத்தின் 9-ஆவது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் அன்பைச் சான்றிதழாகக் கேட்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த வக்கீலைக் கேட்டேன், சிரித்தார்.

அந்த அன்பை அங்கீகாரக் குழு சோதிக்கவேண்டும். இருவருக்கும் எப்படிப் பழக்கம், ஏன் கொடுக்கிறார், இடையில் தரகர் உண்டா, பணம் கைமாறுகிறதா என்றெல்லாம் கேட்கவேண்டும். இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ இருந்தால் பார்க்கவேண்டும். கடந்த மூன்று வருட வருமானத்தைப் பார்த்து, இரண்டு பேருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் அதையும் கவனிக்கவேண்டும். விதி மோசமான விதி இல்லை. எழுதியவர்களுக்கு விற்பனை நடக்கும் என்று தெரிந்திருக்கிறது, அதைத் தடுக்கத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அன்பைக் காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. முகவரி மாறுகிறது, உறவு மாறுகிறது, வருமானச் சான்று மாறுகிறது. போலி ஆவணங்கள்தான் இந்த வழக்கின் அடிப்படையே. தார் சுற்றுகிற பெண், வேறு மாவட்டத்தில் இருக்கிற, அதற்கு முன் பார்த்தே இராத ஒருவருக்கு ஒரே வாரத்தில் தங்கச்சி ஆகிவிடுகிறாள். நம் ஊரில் ஒரு தறித் தொழிலாளியும் ஒரு பணக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் என்றால், அதைப் பார்த்தவுடனேயே குழுவில் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவேண்டாமா?

சட்டம் ஒரு பக்கத்து அன்பை மட்டும்தான் கேட்கிறது, அதைக் கவனியுங்கள். கொடுப்பவருக்குப் பெறுபவர் மேல் அன்பு இருக்கிறதா? பெறுபவருக்குக் கொடுப்பவர் மேல் இருக்கிறதா என்று கேள்வி இல்லை. ஆறு மாதம் கழித்து அவள் எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பார்ப்பாயா என்று யாரும் கேட்பதில்லை.

வார்டில் நோயாளிக்கு உண்மையில் யார் ஆதரவு? டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது பத்து நிமிடம். நாங்கள் நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். மிச்ச நேரம் முழுக்கக் கூட இருக்கிறவர்கள்தான். கஞ்சி வாங்கி வருவது, சிறுநீர்ப் பை நிறைந்தால் ஓடிவந்து சொல்வது, ட்ரிப்ஸ் இறங்கிவிட்டதென்று கூப்பிடுவது, ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வது. இந்தக் கவனிப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டி இவருக்கும் சேர்த்து டீ வாங்கிவருவார். யார் என்ன சாதி என்று ஊரில் முதல் கேள்வியாகக் கேட்கிறவர்கள், வார்டில் மூன்றாம் நாளில் ஒருத்தர் தூக்குப்போசியில் இன்னொருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் பஸ் ஏறியதும் அது முடிந்துபோகும் என்பது வேறு விஷயம்.

கிட்னி விற்கப் போகிற பெண்ணுக்குக் கூட இருப்பது யார்? புரோக்கர். என்னிடம் பேசிய ஒரு பெண், எந்த ஊர் எந்த மருத்துவமனை என்று நான் சொல்லப்போவதில்லை, அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கூட வந்த அக்கா நல்லாத்தானுங்க சிஸ்டர் பாத்துக்கிச்சு. ஆபரேசன் வரைக்கும் ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் உரிச்சுக் குடுத்துச்சு. கண்ணு முழிச்சுப் பாத்தா அக்காவக் காணோம். போன் சுட்ச் ஆப்." நாலாம் நாள் தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இடுப்பில் தையலோடு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. மாத்திரைச் சீட்டு ஒன்று இருந்தது, அதில் இருந்த பெயர் அவள் பெயர் இல்லை.

இதைக் கேட்டபோது எனக்குப் பணம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவள் உடம்பில் என்ன நடந்தது என்பதற்கு அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்து ஜி.எச்.சுக்கு வந்தால், அவளுக்கு ஒரு கிட்னிதான் என்று மருந்து எழுதுகிற டாக்டருக்கு எப்படித் தெரியும்? வலிக்கு நாம் சாதாரணமாகப் போடுகிற ஊசி, மாத்திரைகளில் சிலது கிட்னியைக் கெடுக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டர் யோசித்து எழுதுவார்.

முறையாகக் கிட்னி கொடுத்தவர்களுக்கு என்ன கவனிப்பு வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சில வாரம் ஓய்வு, பாரம் தூக்கக்கூடாது. அப்புறம் ஆயுசுக்கும் வருடம் ஒருமுறையாவது பிரஷர், சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின். சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் போதுமான அளவு குடிக்கவேண்டும். ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம், அது பொய்யில்லை. தம்பிக்குக் கொடுத்த அக்கா இருபது வருடம் கழித்தும் ஆரோக்கியமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த "நன்றாக வாழலாம்" என்பதற்கு ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு தண்ணீர்க் குடம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. புரோக்கர் சொல்வது முதல் பாதியை மட்டும்.

தறிப்பட்டறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தில் பிறந்தவர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை. பஞ்சு பறக்கும் என்று காற்றாடி போடமாட்டார்கள். பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாத பட்டறைகள் எத்தனை? அதனால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். சிறுநீர்த் தொற்றோடு ஓ.பி.க்கு வருகிற தறிக்காரப் பெண்களிடம் "நிறையத் தண்ணி குடிம்மா" என்று டாக்டர் சொல்வார். அவள் தலையாட்டுவாள். வெளியே வந்து என்னிடம் சொல்வாள்: "குடிச்சா எங்கீங்க சிஸ்டர் போறது?" இரண்டு கிட்னி இருக்கிறவளுக்கே இந்த நிலைமை.

கடன் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பட்டறைக்காரரிடம் அட்வான்ஸ், அது கழியும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. அதற்கு மேல் வாரக் குழு. அதற்கு மேல் மீட்டர் வட்டி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-லும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். குழுக்காரர் வாசலில் உட்கார்ந்தால் அந்த ஒரு நாள் மானத்தைக் காப்பாற்ற அந்தச் சட்டம் எத்தனை மணிக்கு வந்துசேரும் என்பதுதான் கேள்வி.

கிட்னியை விற்றால் கடன் தீருமா? இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, கால் நூற்றாண்டாக. 2001-ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்து ஆராய்ச்சியாளர்கள் பேசினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழான ஜாமாவில் 2002-ல் அது வெளிவந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். பேசிய பணம் முழுசாக வரவில்லை. பேட்டி எடுத்தபோது அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு இன்னும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்னை மாதிரி இல்லை என்றார்கள். வேறு யாராவது விற்கப்போனால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்போம் என்றார்கள். வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று கேலி பேசிய காலம் அது. பிறகு சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் 2007-ல் அதே செய்தியில் வந்தார்கள். இப்போது காவிரிக்கரைத் தறிக்காரர்கள். ஊர்ப் பெயர்தான் மாறுகிறது, ஆராய்ச்சி முடிவு அப்படியே இருக்கிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று ஒரு தம்பி கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். கடன் எல்லாச் சாதிக்கும் உண்டுதானே என்றார். உண்டு. தறி ஓட்டுகிறவர்களிலும் எல்லாச் சாதியும் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் சாதி எப்படி வேலை செய்யும் என்பதற்கு அம்பேத்கர் எழுதிவைத்த ஒரு சம்பவம் இருக்கிறது. "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற அவருடைய சிறு நூலில் வருகிறது. 1929-ல் காந்தியின் யங் இந்தியா பத்திரிகைக்கு ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து அதை எடுத்துச் சொல்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டாம் நாள் உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, பீஸுக்கு ஜாமீன் நின்று, ஒருவழியாக வருகிறார். இரண்டு நாள் குழந்தையோடு அந்தப் பெண்ணை வெளியே தூக்கிவந்து காட்டுகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பி வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். அப்புறம் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள்.

அந்த டாக்டருக்குத் தெர்மாமீட்டர் வழியாகக்கூட அவளைத் தொட முடியவில்லை. இன்றைக்குத் தொடுகிறார்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து, திசு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உள்ளே கைவிட்டு உறுப்பை எடுக்கும் அளவுக்குத் தொடுகிறார்கள். கிட்னிக்குத் தீட்டு இல்லை. ரத்தப் பிரிவு சரியாக இருந்தால் போதும். தீட்டு அவளுக்குத்தான், எடுத்து முடித்த பிறகு. தையல் பிரிக்க வந்தால் கேட்டில் நிற்கச் சொல்கிறவர்கள், அவளைத் தெரியவே தெரியாது என்கிறவர்கள், தெர்மாமீட்டரைக் கை மாற்றிக் கொடுத்த டாக்டருக்கு எந்த வகையில் உசத்தி?

நம் பக்கத்துப் பேச்சில் ஒரு விஷயம் உண்டு. கொங்கு நாட்டில் எல்லாருக்கும் "ங்க" போட்டுப் பேசுவோம், திட்டினாலும் "ங்க" இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எந்த மருத்துவமனை ஓ.பி. வரிசையிலாவது அரை மணி நேரம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். யாரிடம் பேசும்போது அந்த "ங்க" காணாமல் போகிறது என்று கவனியுங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, அதற்குப் பிறகு போகும். அறுபது வயது அருந்ததியர் பாட்டியை இருபத்து நாலு வயதுப் பையன் "ஏய், இங்க வா, நாக்க நீட்டு" என்பான். சாசனத்தில் மனித மாண்பு என்று ஒரு உரிமை இருக்கிறது, பாகுபாடின்மை என்று ஒன்று இருக்கிறது. தமிழில் அதற்கு இரண்டெழுத்து போதும். "ங்க" சொல்லாத இடத்தில் சம்மதம் எப்படிக் கேட்பார்கள்? "இங்க கையெழுத்துப் போடு" என்பார்கள், அவ்வளவுதான். என்ன அறுவை, என்ன ஆபத்து, வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் "ங்க" போட்டுப் பேசுகிறவர்களுக்கு விளக்கப்படுகிற விஷயங்கள்.

குடும்பத்துக்குள் கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்பு என்றாலே புரோக்கர் கையில் மட்டும்தான் பொய்யாகிறது என்று நினைத்துவிடுவீர்கள். நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொடையாளி பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்யவேண்டும் என்று 2014 விதிகளே சொல்கின்றன. காரணம் இல்லாமல் எழுதவில்லை.

சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மாமியார் வீட்டில் ஆறு வருடம் அவளைச் சேர்க்கவில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டதில்லை, குழந்தையைக்கூட வாசலில் வைத்துத்தான் கொஞ்சுவார்கள். கணவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே மொத்தக் குடும்பமும் வந்தது. அவள்தானே பெண்டாட்டி, அவள் கொடுக்கட்டும் என்றார்கள். அண்ணன்மார் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ரத்தப் பிரிவுகூடப் பார்க்கவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. அவர் செய்தது ஒன்றே ஒன்று. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்குக் கொடுக்க விருப்பமா? இல்லைன்னா அது தப்பில்ல. வெளிய யாருக்கும் காரணம் சொல்லமாட்டோம்" என்றார். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டாள். கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வந்து, "பயமா இருக்குதுங்க மேடம். எனக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா எம் பொண்ண அந்த வீட்டுல யாரு பாப்பா?" என்றாள். டாக்டரம்மா வெளியே போய்க் குடும்பத்திடம், "இவங்களுது எடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். மருத்துவ நெறி அனுமதிக்கிற பதில்தான் அது. அவளுடைய முடிவு அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கவேண்டிய ரகசியம்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், காலையில் முதல் பஸ் பிடித்து அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிவந்தது அந்தப் பெண்தான். நாலு மணி நேரம் மெஷின் ஓடும். அவள் வராண்டாவில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாள், கட்டினால்தான் திரும்பப் போக பஸ் காசு. அண்ணன்மார் ஒரு நாளும் வரவில்லை. அவளுக்கு அன்பு இருக்கிறதா என்று ஒரு குழு உட்கார்ந்து காகிதத்தில் சோதித்தால் என்ன எழுதும்?

டயாலிசிஸ் நோயாளிகளை வில்லனாக்கிப் பேசுவதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த நாற்காலியில் வருடக்கணக்காகப் படுத்திருக்கிறவர்களைப் பார்த்தவள் நான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருப்பார்கள். உயிர் வாழ ஆசைப்படுவது குற்றமில்லை. அவர்களுக்கான வழியை மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடையில்தான் பெருக்கவேண்டும். அதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2008-ல் தொடங்கிய திட்டம், அதே வருடம் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது வீட்டுக்கு வீடு பேச்சானது. 2023-லிருந்து உறுப்புக் கொடுத்து இறந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். இறந்து கொடுத்தவருக்கு அரசு மரியாதை உண்டு. உயிரோடு கொடுத்தவருக்கு ஒரு ஓ.பி. சீட்டுக்கூட இல்லை என்பதைத்தான் கேட்கிறேன்.

ஏன் இல்லை? பயம். சட்டத்தின் 19-ஆவது பிரிவு விற்பவரையும் வாங்குபவரையும் தரகரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஐந்து முதல் பத்து வருடம் சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். குழுக் கடன் கட்ட முடியாமல் உடம்பைக் கொடுத்தவளுக்கு இருபது லட்சம் அபராதம்! இதற்குப் பயந்து அவள் வாய் திறக்கமாட்டாள். காயத்தில் சீழ் வைத்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். கேட்டால் "கல்லு எடுத்த ஆபரேசன்" என்பாள். அவள் பேசாதவரை புரோக்கருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆக, தரகர்களை ஒழிக்க எழுதிய பிரிவு தரகர்களுக்குக் காவலாக நிற்கிறது. கடனுக்காக உறுப்பை இழந்தவர்களைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடு என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் விவாதியுங்கள். விற்பனையைச் சட்டபூர்வமாக்கிவிடலாமே என்று ஒரு சாரார் சொல்வார்கள். விலை நிர்ணயம் செய்தால் யார் உடம்பு கடைக்கு வரும் என்று அவர்களைக் கேளுங்கள். அக்ரஹாரத்திலிருந்தும் பண்ணை வீட்டிலிருந்தும் வரிசை நிற்காது.

அடுத்தது, அரசு காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வீடு வருகிறார்களே, அதுதான். சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள், வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்குப் பைகூடத் தருகிறார்கள். இந்த ஏற்பாட்டிலேயே ஒரு கிட்னியோடு இருப்பவர்களுக்கும் இடம் கொடுக்கலாம். "எதற்காக எடுத்தீர்கள்" என்ற கேள்வி வேண்டாம். விபத்தில் போனதோ, கட்டிக்காக எடுத்ததோ, கொடுத்ததோ, விற்றதோ. ஒரு கிட்னி என்றால் வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. நாமக்கல்லில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெரிய மருத்துவமனை இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் ஈரோடு ஜி.எச். கருவிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. போலீஸுக்குத் தகவல் போகாது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாமல் ஒருத்தி கூட வரமாட்டாள்.

உங்களால் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும், மூன்று வருடம் பாதுகாக்கவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையே சொல்கிறது. உங்கள் தெருவில் யாராவது அறுவை சிகிச்சை முடிந்து வந்தால், எந்த அறுவையாக இருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள், இரண்டு நகல் எடுத்து ஒன்றில் சீல் வாங்குங்கள். சீல் போடமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீது போதும். யார் எதற்காக ஆபரேஷன் செய்தார்கள் என்று நீங்கள் துருவவேண்டாம், ஊருக்குச் சொல்லவும் வேண்டாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. பிரஷர் பார்க்கிற கருவி சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறேன். பெண் தோழர்கள் இரண்டு பேர் கூட வந்தால் தெருத் தெருவாகப் போகலாம். காலை ஷிப்டுக்கு முன்னால் போகவேண்டும், ஆறு மணிக்கு. இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.